தீராத சரக்கு

காலை ஒடுக்கிக்கிட்டு உக்காராதீங்க தம்பி, நல்லா நீட்டுங்க. அந்தச் சாக்கு மேலயே போடுங்க. மிதிச்சா ஒண்ணும் ஒடைஞ்சு போவாது. உள்ள இருக்கது அரிசி பருப்பு இல்ல, புஸ்தகம்.

பாத்தியளா, புஸ்தகம்னு சொன்ன ஒடனே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுதிய. நல்ல வளர்ப்பு. ஆனா இதுக்கு அது வேண்டாம். இந்தச் சாக்குக்குள்ள சரஸ்வதி இல்ல, மூதேவி உக்காந்திருக்கா. இன்னொரு சாக்கு பின்னாடி டிக்கில கெடக்கு. அதுலயும் அவதான்.

விக்கவா? சீச்சீ. நான் புஸ்தக யாவாரி இல்ல. ஏரல்ல பலசரக்குக் கடை. பால்துரை ஸ்டோர்னு கேட்டா பச்சப்புள்ள கூட வழி சொல்லும். இது சிவகாசிக்குப் போவுது. எங்க சித்தப்பா மவன் அங்க பட்டாசு ஆபீஸ் வச்சிருக்கான். வெடிக்குக் குழாய் உருட்டக் காகிதம் வேணும்லா, அவன்கிட்ட தள்ளி விட்டுரலாம்னு கொண்டு போறேன். தீவாளிக்கு வெடிச்சுச் சிதறட்டும். அதக் கண்ணால பாத்தாதான் எனக்கு மனசு ஆறும்.

புதுசா இருக்கேன்னு பாக்கிய. புதுசுதான். மேல இருக்க கட்டு நேத்துதான் பார்சல்ல வந்துச்சு, பிரிக்கக்கூட இல்ல. நானே காசு குடுத்து வாங்குனேன், நானே வெடிக்குக் கொண்டு போறேன். பைத்தியக்காரன்னு நெனைக்கிய. நெனைங்க. எம் பொஞ்சாதியும் அதத்தான் நெனைக்கா, வாயத் தொறந்து சொல்ல மாட்டா.

எழுதுனது யாரு தெரியுமா? எந் தங்கச்சி. ஜெயக்கொடின்னு பேரு. கூடப் பொறந்தவளே இப்படிச் செஞ்சா ஊரான் என்னதான் செய்ய மாட்டான், சொல்லுங்க.

பத்தாங் கிளாஸோட நின்னவ தம்பி அவ. நான்தான் நிறுத்துனேன்னு எழுதியிருக்காளாம். ஆமா, நிறுத்தத்தான் செஞ்சேன். பள்ளிக்கூடத்துலயே மொதலா வந்தா. அதுக்கு என்ன செய்ய? டீச்சரு வீட்டுக்கே வந்து கெஞ்சுனாவ. எங்களப் பெத்த ஐயா சீக்காப் படுத்துக் கடை எங் கையில வந்த சமயம் அது. அவ மேல படிக்கப் போயிட்டா கடையில பொட்டலம் யாரு மடிப்பா? கூலிக்கு ஆள் வச்சா கட்டுப்படி ஆவுமா? எடைக்கு வாங்குன பழைய புஸ்தகத்தத் தாள் தாளாக் கிழிச்சு மடிக்கணும். இவ மடிக்கிறதுக்கு முன்னால வாசிப்பா. கடுகு கட்டுற தாளுல ஒனக்கு என்னடி இருக்குன்னு தலையில ஒரு தட்டு தட்டுவேன். வாசிச்சத முடிக்க விடாமப் பிடுங்குனேன்னு அதையும் எழுதியிருக்காளாம். பிடுங்காம? ஆள் கடுகுக்கு நிக்காவ, இவ கதைக்கு நிக்கா.

புஸ்தகத்துப் பேரு என்ன தெரியுமா? 'வத்தல் ரூம்'. தூ! பேரப் பாருங்க. ஒரு சாமி பேரு, ஒரு பூவு பேரு கெடைக்கல.

அந்தக் கதையவும் கேளுங்க. புருசன் செத்துப் போய், கையில ஒரு பொம்பளப் புள்ளையோட எங்கிட்டதான வந்து நின்னா? வெரட்டுனனா? கடைக்குப் பின்னால மொளகா வத்தல் அடுக்குற ரூம்பு இருக்கு. அதுல ஒரு ஓரத்த ஒதுக்கிக் குடுத்தேன். எந்த அண்ணன் குடுப்பான்? வத்தல் நெடியில புள்ளைக்கு மூச்சு முட்டிச்சாம். விடிய விடியத் தும்மலாம். நானுந்தான் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் கடையில இருக்கேன், நான் செத்தா போனேன்? ராத்திரி கதவத் தெறந்து போடுங்கன்னா. தெறந்து போட்டா சரக்கு என்னத்துக்கு ஆவும்? வெளியில பூட்டிட்டு வீட்டுக்குப் போவேன். சரக்குக்குத்தான தம்பி பூட்டுனேன், அவளுக்கா பூட்டுனேன்? அதப் போயி எழுதியிருக்கா.

என்ன, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டிய? தலைவலியா? இந்த ரூட்டு பஸ்ஸே இப்படித்தான், குலுக்கி எடுத்துருவான்.

அப்புறம் அவளாத்தான் புள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய போனா, நான் வெரட்டல. சோத்தப் பத்தியும் ஒரு பாடம் இருக்காம். ஆம்பளைக தின்ன மிச்சம்தான் அவளுக்குச் சோறாம். ஏன், மீன் மண்டை ருசியா இருக்காதா? தெரிஞ்சவன் மண்டையத்தான் கேட்டு வாங்குவான். நான் கேட்டது இல்ல, அது வேற விஷயம்.

வாசிச்சேனான்னு கேக்கியளா? அந்தக் கருமத்த நான் எதுக்கு வாசிக்கணும்? சாக்கடை நாறுதுன்னு தெரிய, குனிஞ்சு மோந்துதான் பாக்கணுமா? வாசிச்சவன் வந்து சொல்லுதாம்லா, அது போதும்.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. அதுல எம் பேரே கெடையாது. ஊரு பேரும் கெடையாது. 'அண்ணன்', 'அண்ணன்'னு மட்டும்தான் போட்டிருக்காளாம். அப்ப ஊருக்கு எப்படித் தெரிஞ்சுது? அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. விஷயம் காதுல விழுந்த அன்னைக்கே பஜார்ல நடு ரோட்டுல நின்னு சத்தமாச் சொல்லிட்டேன்: "எவம்ல அந்தப் புஸ்தகத்த வாசிச்சது? அதுல இருக்க அண்ணன் நான் இல்ல, எல்லாவனும் தெரிஞ்சு வச்சிக்கோ!" அவ்வளவு தெளிவாச் சொன்னேன். அதுக்கு அப்புறந்தான் ஒவ்வொருத்தனும் வாங்கி வாசிக்கான். ஊர் வாய மூட ஒலமூடி கெடையாதுன்னு சும்மாவா சொன்னான்?

ஊரு வாசிச்சிட்டுப் போவட்டும் தம்பி, நாய் கொரைச்சா சூரியன் விழுந்துருமா? எனக்கு ஒரே ஒரு பயந்தான். எம் மவன் லிங்கத்துக்கு சிவகாசியில பொண்ணு பேசி முடிஞ்சிருக்கு. தங்கமான குடும்பம். வார வெள்ளிக்கிழமை நிச்சயம். ஆனா பொண்ணுக்கு அம்மா இருக்காவள்லா, அந்தம்மா காலேசுல தமிழ் சொல்லிக் குடுக்காவ. எந்நேரமும் கையில புஸ்தகம். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே, "சம்பந்தி, ஒங்க ஊர்ப் பக்கம் யாரோ ஒரு அம்மா எழுதுன புஸ்தகம் ரொம்ப நல்லா இருக்காமே, வாங்கணும்"னு சொன்னாவ. குடிச்ச காப்பியப் பாதியில கீழ வச்சிட்டேன். அந்தம்மா கையில இது போயிரக்கூடாது. போனாலும் அந்த அண்ணன் நான்தான்னு தெரிஞ்சிரக்கூடாது. எம் மவனோட வாழ்க்கை தம்பி இது. இந்த ஒண்ணுக்குத்தான் நான் இந்தப் பாடு படுதேன்.

சரி, ஒரு புஸ்தகத்த ஒலகத்துல இல்லாம ஆக்கணும்னா என்ன செய்யணும்? எங்க ஐயா வழி காட்டியிருக்காவ. அந்தக் காலத்துல யாவாரிக சங்கத் தேர்தல்ல எங்க ஐயாவப் பத்தி ஒருத்தன் அசிங்கமா நோட்டீஸ் அடிச்சான். ஐயா சண்டைக்கா போனாவ? நேரா அச்சாபீஸுக்குப் போயி, இருந்த கட்டு பூராத்தையும் வெலைக்கு வாங்கிட்டு வந்து அதுலயே புளி கட்டி வித்தாவ. விஷயம் அத்தோட தீந்துச்சு. யாவாரின்னா அப்படித்தான். வாயால பேசுறது இல்ல, மொத்தமாக் கொள்முதல் பண்ணிருவோம்.

நானும் அதத்தான் செஞ்சேன். எம் பொஞ்சாதி போன்ல, அந்த ஆன்லைன் கடையிலதான் வாங்கச் சொன்னேன். அவளுக்கு என்னமோ அன்னைக்கு மொகத்துல ஒரு வெளிச்சம், டக்குடக்குன்னு போட்டா. ஒரு கட்டு வந்துச்சு. தீந்துருக்கும்னு பாத்தா, மறுநாளும் 'இருக்கு'ன்னு காட்டுது. இன்னொரு கட்டு வாங்குனேன். அப்பவும் இருக்கு. சல்லடையில தண்ணி கோரின கதையா இருக்கு. இதுக்கு நடுவுல இன்னொரு எழவு. அதிகமா விக்கிற புஸ்தகம்னு சொல்லி, மொத வரிசையில கொண்டு வந்து இதத்தான் வச்சிருக்கான்! எவன்டா இத இப்படி வாங்குதான்னு எனக்கு ஒரே எரிச்சல். "நீங்கதான்"னு எம் பொஞ்சாதி சொல்லுதா. சொல்லிட்டு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. அவளுக்கும் சங்கடமாத்தான இருக்கும்.

வந்த கட்டுல ஒண்ணு கொறைஞ்சுது தம்பி. எங்கடின்னு கேட்டேன். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னா. எங்க வீட்டு எலி வெவரமான எலி. அரிசிப் பானைக்கு அடியில கொண்டு போயி வச்சிருக்கு, பாதியில ஒரு கோழி எறகு வேற அடையாளத்துக்குச் சொருகி வச்சிருக்கு.

இப்படியே விட்டா ஆவாதுன்னு, அடிக்கிற எடத்துக்கே போயிருவோம்னு மதுரைக்கு பஸ் ஏறிட்டேன். அச்சாபீஸ்னா நீங்க என்ன நெனைப்பிய? மை நாத்தம் அடிக்கும், தடதடன்னு சத்தம் கேக்கும், செவத்து ஒசரத்துக்குக் கட்டு கட்டா அடுக்கிக் கெடக்கும். இது ஒரு மாடி ரூம்பு. செருப்ப வெளிய கழத்திப் போடணுமாம். உள்ள ஏசி. ஜெராக்ஸ் மிஷினுக்கு மூத்தவன் மாதிரி ஒரு பெரிய மிஷினு, பக்கத்துல அட்டை ஒட்ட ஒண்ணு, ஓரம் வெட்ட ஒண்ணு. ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்கு, பெனிட்டான்னு பேரு.

"வத்தல் ரூம் எத்தன இருக்கும்மா?"ன்னேன்.

"ஒண்ணுகூட இல்ல சார்"னு சொல்லுச்சு.

எனக்கு வயிறு குளுந்து போச்சு. அப்பாடா, அள்ளிட்டோம்டா பால்துரைன்னு நெனைச்சேன். அந்தாக்குல அந்தப் பொண்ணு சொல்லுது, "எத்தன வேணும்னு சொல்லுங்க சார், அடிச்சுத் தந்துருவோம்."

"இல்லன்னியே?"

"இல்லதான் சார். நாங்க முன்னாடியே அடிச்சு அடுக்கி வைக்கிறது கிடையாது. புத்தகம் கம்ப்யூட்டர்ல இருக்கும். ஒருத்தர் கேட்டா ஒண்ணு அடிப்போம், நூறு பேர் கேட்டா நூறு அடிப்போம். கேக்காட்டி ஒண்ணும் அடிக்கமாட்டோம்."

"அப்ப குடோன் எங்க?"

"குடோனே கிடையாது சார்."

சீ! சரக்கு இல்லாம ஒரு கடை! நான் வயசெல்லாம் சரக்குக்குள்ள கெடந்தவன். யாவாரம்னா மூட்டை இருக்கணும், எலி இருக்கணும், வண்டு இருக்கணும், மழை பேஞ்சா நெஞ்சு அடிச்சிக்கிடணும். இது என்ன யாவாரம்? எடுத்தா எடுத்த எடத்துல மறுபடி மொளைக்கும்னா அது சரக்கா, பேயா? நான் வாங்கி வாங்கி அழிக்கிறேன்னு நெனைச்சிக்கிட்டிருந்தேன். ஒவ்வொண்ணும் நான் கேட்டதுனாலதான் பொறந்திருக்கு! ஆனை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்ட கதை.

அந்தப் பொண்ணு வெள்ளந்தி. நான் ஏதோ சந்தேகம் கேக்கேன்னு நெனைச்சு ஒவ்வொண்ணா வெளக்குது. ஆயிரம் அடிச்சு வீட்டுக் கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சு, கரையானுக்குக் குடுக்க வேண்டியது இல்லியாம். இந்தப் புஸ்தகம் இனிமே கெடைக்காதுங்கற பேச்சே கெடையாதாம். பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் கேட்டாலும் அன்னைக்கு அடிச்சுக் குடுப்பாவளாம். கனடாவுல ஒருத்தன் கேட்டா அங்கேயே அடிச்சு அங்கேயே குடுக்க ஆள் இருக்காம். கனடாவுல தம்பி! எங் கடை வத்தல் அம்பாசமுத்திரம் தாண்டுனது இல்ல, எங் கடை வத்தல் ரூம்பு கனடாவுக்குப் போவுது.

"அச்சுல பிழை வந்துட்டாலும் கவலை இல்ல சார். எப்ப வேணும்னாலும் மாத்தலாம், புதுசா எழுதிச் சேக்கலாம். அடுத்த காப்பியில அது வந்துரும்"னு சொல்லுது. அப்ப அந்தப் புஸ்தகத்துக்கு ஒரு முடிவே கெடையாதா? இன்னும் எழுதலாமா? தூ, இதெல்லாம் ஒரு தொழிலு.

"தையல் தச்சுப் பொழைக்கிற ஜெயக்கொடி அம்மா மாதிரி ஆளுங்ககூட புத்தகம் போடலாம் சார், கையில பெரிய தொகை வேணும்னு இல்ல"ன்னு அதையும் பெருமையாச் சொல்லுச்சு. கெட்டதே அங்கதான தம்பி? முந்தி புஸ்தகம் போடணும்னா பணம் வேணும், பெரிய மனுசன் சிபாரிசு வேணும், அச்சடிக்கிறவன் நாலு தடவ யோசிப்பான். ஒரு வேலி இருந்துச்சு. இப்ப வேலியப் பிடுங்கிட்டான். வீட்டுக்குள்ள நடந்ததெல்லாம் ரோட்டுக்கு வருது. நாளைக்கு ஒங்க வீட்டுக் கதையும் வரும், பாத்துக்கிட்டே இருங்க. ஒங்களுக்குத் தங்கச்சி இருக்கா? இருந்தா சூதானமா இருந்துக்கிடுங்க.

ஒண்ணு சொல்லணும், வெளிய சொல்லாதீங்க. திரும்பி வரும்போது பஸ்ஸுல யோசிச்சிக்கிட்டே வந்தேன். துவரம்பருப்பு இப்படி இருந்தா எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர்ல இருக்கணும், ஆள் வந்து கேட்டா ஒரு கிலோ விழணும். வண்டு கெடையாது, கழிவு கெடையாது. நெனைக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒடனே என்னைய நானே காறித் துப்பிக்கிட்டேன். அவ தொழில நாம மெச்சவா?

யாவாரி வெறுங்கையோட திரும்பக்கூடாதுல்லா. அந்தப் பொண்ணுகிட்ட கடைசியா ஒரு பேரம் பேசிப் பாத்தேன். "மொத்தமா ஐம்பது எடுத்துக்கிடுதேன். இத்தோட இந்தப் புஸ்தகத்த நிறுத்திருங்க"ன்னேன். அது சிரிக்குது. "நிறுத்துறது எழுதுனவங்க கையில சார், எங்க கையில இல்ல"ன்னுட்டு. சரி, சொன்ன வாய மாத்த முடியுமா? ஐம்பது அடிச்சு அனுப்புன்னு சொல்லிட்டேன்.

"பில்லு என்ன பேர்ல சார்?"

"பால்துரை, ஏரல்."

அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னுட்டு தம்பி. "நீங்கதானா சார் அது! எங்களுக்கு வார ஆர்டர்ல பாதி ஒங்க பேருதான். ஜெயக்கொடி அம்மாகிட்ட இந்தப் பேரச் சொன்னோம். எங்க அண்ணன்னு சொல்லிட்டு அழுதுட்டாங்க சார்"னு சொல்லுது. மத்த ஆளுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுது. ஒருத்தன் எங் கையப் புடிச்சுக் குலுக்குதான். எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. காப்பி வாங்கிக் குடுத்தாவ. அதையும் குடிச்சுத் தொலைச்சேன்.

அவ ஏன் அழுதான்னு நான் கேக்கல. பொம்பள, எதுக்கெடுத்தாலும் அழுவா. எங்க வீட்டுல இருந்த காலத்துல அவ அழுது நான் பாத்தது இல்ல, அதையும் சொல்லணும். தும்மல் கேக்கும். அழுகை கேட்டது இல்ல.

அந்த ஐம்பதுதான் நேத்து வந்துச்சு. கீழ இருக்கது பழசு, மேல இருக்கது புதுசு.

கோவில்பட்டி தாண்டிட்டா? என்ன தம்பி, சாக்குக்குள்ள கையை விடுதிய? வாசிக்கணுமா? எடுங்க, எடுத்துப் பாருங்க. ஒங்கள மாதிரிப் படிச்ச புள்ளதான் ஒரு தீர்ப்பு சொல்லணும். அதுல எம் பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னு படிச்ச ஆள் வாயால ஒரு தடவ கேட்டுட்டா எனக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமை நான் தலை நிமுந்து போயிருவேன்.

இல்லல்லா? நான் சொன்னேம்லா, அண்ணன்னு மட்டும்தான் இருக்கும். என் நேரம் நல்ல நேரந்தான்.

என்னது? அது பழசா? மேல இருக்க கட்டுலயும் பாக்கணுமா? ஒரே புஸ்தகந்தான தம்பி, அட்டையப் பாருங்க, அதே வத்தல், அதே மூட்டை. சரி, கட்டப் பிரிச்சுக்கிடுங்க. சணல அத்துருங்க, பரவால்ல.

என்ன மொதப் பக்கத்துலயே நின்னுட்டிய?

பழசுல இந்தப் பக்கம் இல்லியா? புதுசுல இருக்கா? என்ன போட்டிருக்கா? கண்ணாடி கொண்டு வரல, நீங்களே வாசிங்க. சத்தமா வாசிங்க, எரைச்சல்ல கேக்கல.

'என் அண்ணன் ஏரல் பால்துரைக்கு...'

எம் பேரா? அப்படியேவா போட்டிருக்கா? ஊரு பேரோடயா? அடப்பாவி மவளே! இவ்வளவு நாளும் பேரு இல்லாமத்தான தம்பி இருந்துச்சு! இனிமே அடிக்கிறது பூராத்துலயும் இது இருக்குமா? அந்தச் சம்பந்தியம்மா இன்னைக்கு வாங்குனாலும் இருக்குமா? கனடாவுலயும் இருக்குமா? போச்சு. எல்லாம் போச்சு. சிவகாசிக்கு நான் எந்த மூஞ்சியோட போவேன்?

இன்னும் இருக்கா? மீதியும் வாசிங்க. என்னதான் எழுதியிருக்கா, கேட்டுருவோம்.

'...பிறந்ததிலிருந்து எனக்கென்று அவர் வாங்கியது இந்தப் புத்தகம் ஒன்றுதான்.'

அவ்வளவுதானா? அடுத்த பக்கத்துல ஏதாவது இருக்கா? இல்லியா?

பொய் தம்பி. பச்சப் பொய். அது எப்படி ஒண்ணுமே வாங்காம இருப்பேன்? கூடப் பொறந்தவ, ஒரே வீட்டுல வளந்தவ. வளையல் வாங்கிக் குடுத்திருக்கேன். சாத்தான்குளம் கோயில் கொடையில, செவப்பு வளையல்... இல்ல, அது அம்மா வாங்குனது. கல்யாணத்துக்குச் சேலை... அது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எடுத்தது. நான் பந்திச் செலவு பாத்தேன். பந்தி அவளுக்கு இல்லியே, வந்த ஆளுகளுக்குல்லா.

புள்ள பொறந்தப்போ ஏதோ... போவல. கடையில சீசன் நேரம், போவ முடியல.

அந்தப் புஸ்தகத்த மூடி வைங்க தம்பி. இல்ல, சாக்குல போடாதீங்க. இங்ஙன குடுங்க, மடியில இருக்கட்டும்.

ஒரு நோட்டாவது வாங்கிக் குடுத்திருப்பேன். பள்ளிக்கூடம் போன காலத்துல ஒரு பென்சில். கேட்டா, ஞாபகம் இருக்கு, கேட்டுக்கிட்டு கல்லாப் பக்கம் நின்னா. என்ன குடுத்தேன்? எதையோ குடுத்துதான அனுப்பியிருப்பேன். சும்மாவா போயிருப்பா?

சாத்தூர் வந்துட்டா? நீங்க இங்ஙனதான் எறங்கணுமா? ஒரு நிமிஷம் இருங்க தம்பி. கண்டக்டரே, கொஞ்சம் பொறுங்க, ஆள் எறங்கணும், விசில் அடிச்சிராதீங்க. வாங்கிக் குடுத்திருக்கேன் தம்பி. ஏதோ ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கேன். சொல்லிருதேன், நீங்க கேட்டுட்டுப் போங்க.